கொழும்புத்துறையிலிருந்து நெல்லியடிக்கு: மைனஸ் 196 பாகையோடு ஓர் ஓட்டோப் பயணம்

என் தொழில் குளிர். வெளிநாட்டில் ஒரு துகள் முடுக்கியின் மீகடத்திக் காந்தங்களைத் திரவ ஹீலியத்தில், மைனஸ் 271 பாகையில் வைத்திருப்பது என் வேலை. போன மாசியில் ஊருக்கு வந்தபோது கறுப்பு மீகடத்தி வில்லை ஒன்றையும் ஒரு குட்டிக் காந்தத்தையும் பைக்குள் போட்டு வந்தேன். காரணம் ரஞ்சினி. என்னோடு படித்தவள், இப்போது நெல்லியடியில் பௌதிகவியல் ஆசிரியை. "இருபது வருசமாக் காந்தம் மிதக்கிற படத்தைக் கீறிப் படிப்பிக்கிறன். ஒருக்காலும் கண்ணால காணேல்லையடி" என்று போனில் சொல்லியிருந்தாள்.

இந்த வில்லையை நன்றாகக் குளிரவைத்தால் காந்தம் அதன்மேல் மிதக்கும். அதற்கு ஹீலியம் வேண்டாம், மைனஸ் 196 பாகையில் இருக்கும் திரவ நைதரசன் போதும். யாழ்ப்பாணத்தில் அது எங்கே கிடைக்கும்? மாட்டுக்குச் சினையூசி போடுபவர்களிடம்! காளை விந்தை அதில்தான் உறையவைத்திருப்பார்கள். கொழும்புத்துறையில் அந்த வேலை செய்யும் என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு கானில் நாலு லீற்றர் தந்தார்.

காலை 7.40க்கு ஓட்டோ. முப்பது கிலோமீற்றர், மூவாயிரம் ரூபா. ஓட்டுநர் யேசுதாசன் அண்ணை வழக்கமாக மீன் ஏற்றுபவர். கோப்பாயில் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு திரும்பினால், கானைச் சுற்றிச் சாக்குப் போர்த்தியிருந்தது. அக்கறையான மனிதர் என்று மெச்சிக்கொண்டேன்.

வல்லை வெளியில் சாக்குக்குள் ஒரு சீறல். பிறகு 'டப்'. ஓட்டோ முழுக்க வெள்ளைப் புகை. "அந்தோனியாரே!" என்று அண்ணை பிரேக் அடிக்க, கான் சரிந்தது. இருவரும் வெளியே பாய்ந்தோம். நல்லகாலம், யாருக்கும் ஒன்றுமில்லை.

மூடியை டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்திருக்கிறார்!

"ஐஸ் பெட்டியெண்டா உப்பிடித்தான் தங்கச்சி கட்டுவம். குளிர் வெளிய போகக் கூடாதெல்லோ?"

"உது கொதிச்சுக்கொண்டே இருக்கும் அண்ணை. வாயு போக வழி இல்லாட்டி வெடிக்கும்."

அவரை என்ன சொல்ல? முடுக்கி இருக்கும் எங்கள் சுரங்கத்தில் ஹீலியம் வெளியேறும் வால்வுகளைச் சோதிப்பவளே நான்தான். சாக்கைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

மிஞ்சியது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும்.

8.50க்கு வகுப்பறை. நான் வில்லைமேல் ஊற்றினேன். கொதிப்பு அடங்கியதும் ரஞ்சினி இடுக்கியால் அதன்மேல் காந்தத்தை வைத்தாள். காந்தம் அந்தரத்தில் நின்றது, ஒரு பக்கம் சற்றுச் சரிந்து. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பும் ஓடிவந்தது. ரஞ்சினி கடதாசித் துண்டொன்றை இடைவெளிக்குள் விட்டு இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். "எடியே, மிதக்குதடி!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிடம்கூட இல்லை, வில்லையின் குளிர் போய்க் காந்தம் மெல்ல இறங்கிவிட்டது.

"இன்னொருக்கா விடுங்கோவன்" என்றார் யன்னலில் நின்ற யேசுதாசன் அண்ணை.

இப்படிக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: கையுறை கட்டாயம், காற்றோட்டத்துக்கு ஓட்டோவின் இரு பக்கமும் திறந்தபடி இருக்கட்டும், மூடியை ஒருபோதும் இறுக்காதீர்கள். முக்கியமாக, ஓட்டுநருக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

அடுத்த நாள் ரஞ்சினி தன் கரும்பலகையைப் படம் எடுத்து அனுப்பினாள். அதே பழைய படம்தான். ஆனால் இந்த முறை காந்தத்தைக் கொஞ்சம் சரித்துக் கீறியிருந்தாள்.