கொலெற்றுக்குக் கொடுத்த ஒரு மணித்தியாலம்

அருள்நாயகத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கனடாவில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிக்கரிங்கில் வீடு, மேற்கே மிசிசாகாவில் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்கூட அவன் சும்மா இருப்பதில்லை. எனக்குப் போன் எடுத்து, அடுத்த கூட்டத்தில் பேசப்போவதை ஒத்திகை பார்ப்பான். நூலகம், பள்ளிக்கூடம், முதியோர் சங்கம் என்று யார் கூப்பிட்டாலும் போய் ஈழத்தமிழரின் கதையைச் சொல்லுவான். நடுவில் இரண்டு கூத்துப் பாட்டும் உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

நான் சூசைதாசன். அவனுடைய கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கொண்டுபோய்ப் பூட்டுகிறவன். அவனுடைய வாய்க்கு மைக் பிடித்தே எனக்கு வயது போய்விட்டது என்று என் மனைவி றஜிதா சொல்லுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

போன வருடம் ஸ்காபரோவில் ஒரு நூலகத்தில் பேசினான். இங்கே எந்தக் கூட்டமென்றாலும் முதலில், இந்த மண் எந்தெந்தப் பூர்வகுடிகளுடையது என்று ஒரு தாளைப் பார்த்து வாசிக்கவேண்டும். அருள்நாயகம் அதை ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டுத் தன் கதைக்கு வந்தான். கூட்டம் கலைந்த பிறகு, நரைத்த பின்னலோடு ஒரு அம்மா மட்டும் போகாமல் நின்றார். கொலெற் என்று பெயர். அபெனாக்கி என்ற பூர்வகுடி இனத்தவர். கியூபெக்கில் ஒடானாக் என்ற ஊரில் பிறந்தவர். தன் மக்களின் வரலாற்றை மேடையில் நடித்தும், கதையாகச் சொல்லியும், பள்ளிகளிலும் மியூசியங்களிலும் உரையாற்றியும் வருகிறவர்.

"இந்த ரொறன்ரோ என் ஆட்களின் மண் அல்ல, நானும் இங்கே வந்தவள்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நீங்கள் பேசியதை ஒரு மணித்தியாலம் கேட்டேன். நன்றாக இருந்தது. முதலில் சில பெயர்களை வாசித்தீர்களே, அவர்களில் யாராவது பேசி நீங்கள் இருந்து கேட்டிருக்கிறீர்களா?"

அருள்நாயகம் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு முழு மணித்தியாலம் உங்களுக்குத்தான், ஒரு நிமிடமும் குறையாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்தான்.

ஒலிபெருக்கிகளை ஏற்றிக்கொண்டு என் வான் வண்டியில் ஏறியதும் சொன்னான்: "சூசை, கனடாவுக்கு வந்து முப்பத்தொரு வருசம். எங்கட கதையைக் கேளுங்கோ, கேளுங்கோ எண்டு ஊர் ஊரா அலையிறன். இவையளில ஒருத்தரையும் இருந்து கேக்கேல்லையடா. வெக்கமாக் கிடக்கு."

அதற்குப் பிறகு அவனுக்கு நித்திரையும் இல்லை, எனக்கும் இல்லை. நூலகத்திலிருந்து புத்தகங்களை அள்ளிவந்து படித்தான். கொலெற்றின் அப்பார்ட்மென்ற்றுக்கு மூன்று தரம் போனான். அவருடைய நிகழ்ச்சியின் மையம் அவருடைய அத்தை சிசீல். மரச் சிம்புகளால் கூடை பின்னி, கோடைகாலத்தில் ஏரிக்கரை ஹோட்டல்களில் விற்றவர். அபெனாக்கி என்று சொன்னால் பட்டணத்தில் அறை கிடைக்காது என்பதால், முப்பது வருடம் தன்னைப் பிரெஞ்சுக்காரி என்றே சொல்லி வாழ்ந்தவர். கொலெற் தொப்பி வைத்து, கூடையைத் தூக்கி, அத்தையாகவே மேடைக்கு வருவார். கடைசியில் ஒரு நாள், கூடை வாங்க வந்தவளுக்கு முன்னால், அத்தை தன் சொந்த மொழியில் ஒரே ஒரு வசனம் சொல்லுவார். அதோடு முடியும். இதையெல்லாம் அருள்நாயகம் எனக்கு நெடுஞ்சாலையிலிருந்து தவணை முறையில் சொல்லிவிட்டான். அந்த வசனத்தையும் கொலெற்றிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தான்.

விழா டோர்செட் பார்க்குக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. அழைப்பிதழில் மூன்று மணி, எங்கள் கணக்கில் நான்கு. ஆறு மணிக்கு வேறு யாருடையதோ பிறந்தநாள் விழா, மண்டபத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். ஐந்திலிருந்து ஆறு கொலெற்றின் நேரம் என்று அருள்நாயகம் நிகழ்ச்சி நிரலில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தான்.

சிவப்பு மைக்கு யார் பயப்படுகிறார்கள்? விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, நடுவே இரண்டு நடனம். ஒருவரை விட்டால் மற்றவருக்குக் கோபம் வரும். விடுபட்டவரின் பெண்சாதிக்கு அதைவிட வரும். சங்கத் தலைவர் பொன்னம்பலம் அண்ணை தலைமையுரைக்கு எழும்பியபோதே ஐந்து அடிக்க மூன்று நிமிடம்தான் இருந்தது.

முன்வரிசையில் கொலெற் மடியில் கூடையோடு இருந்தார். தலையில் தொப்பி. ஒரு சொல்லும் விளங்காத பேச்சுக்களை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அருள்நாயகமோ இருக்கிறான், எழும்புகிறான், கதவுக்குப் போகிறான், என்னிடம் வருகிறான்.

"உவங்களுக்கு மைக்கைக் கண்டால் விசர் பிடிக்கும் சூசை. அந்த மனிசி ரெண்டு மணித்தியாலமா இருக்கு. உனக்கு ஒரு வயரைக் கழட்டத் தெரியாதோ?"

"அண்ணை முடிக்கப் போறார். பொறு."

"முடிக்கப் போறன் எண்டு அவர் சொல்லியே பத்து நிமிசம்."

ஐந்து இருபதுக்கு அண்ணை இறங்கினார். கொலெற்றை அறிமுகம் செய்ய அருள்நாயகம் மேடைக்கு ஓடினான். போகும்போது என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நிமிடம்.

ஊருக்கடி உபதேசம், உனக்கல்லடி கண்ணே.

முதலில் நூலகத்தில் நடந்ததைச் சொன்னான். பிறகு அபெனாக்கி மக்களின் ஆறுகளைச் சொன்னான், போர்களைச் சொன்னான். எங்கள் ஆட்களுக்கு இதைத் தமிழில் சொல்லாவிட்டால் யார் சொல்வது என்ற வேகம் அவனுக்கு. பிறகு சிசீல் அத்தை வந்துவிட்டார். கூடையைத் தலைக்குமேல் தூக்குவதுபோல் கையைத் தூக்கினான். கொழும்பில் தமிழர் என்று சொல்லாமல் அறை எடுத்த கதைகளை நினைத்துப் பாருங்கள் என்றான். சபை அப்படியே அடங்கிப்போனது. பின்வரிசையில் அன்ரிமார் கண்ணைத் துடைத்தார்கள். கடைசியில் அத்தை சொன்ன அந்த வசனத்தையும், அபெனாக்கி மொழியில், அவனே சொன்னான்.

தமிழ்ப் பேச்சுக்கு நடுவில் தன் மொழி கேட்டதும் கொலெற் நிமிர்ந்தார். மடியிலிருந்த கூடையை எடுத்து நிலத்தில் வைத்தார்.

சத்தத்தைக் குறைக்கும் விசை என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்றால், அவன் அவ்வளவு நன்றாகப் பேசினான். நானும் கேட்டு மயங்கிப்போய் இருந்தேன். அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

அவன் கொலெற்றை அழைத்தபோது ஐந்து ஐம்பத்துமூன்று. வாசலில் மண்டபத்துக்காரர் மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் பலூன்களோடு ஒரு குடும்பம். கொலெற் தொப்பியைக் கழற்றிவிட்டு மேடைக்கு ஏறினார்.

"அருள்நாயகம் சொன்னது தமிழ் என்றாலும் எனக்கு விளங்கியது, அது என் அத்தையின் கதை" என்றார். "கடைசி வசனத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். என் அத்தை கொடுத்துவைத்தவர். அவருக்காகப் பேசுவதற்கு எப்போதும் யாராவது ஒரு நல்ல மனிதர் இருந்தார். பாதிரியார் இருந்தார். ஹோட்டல் முதலாளி இருந்தார். அவர் பேசுவதற்குத்தான் நேரம் இருக்கவில்லை. நன்றி."

சபை பலமாகக் கை தட்டியது. அது பாராட்டு என்று நினைத்துவிட்டார்கள். பொன்னம்பலம் அண்ணை ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார். படம் எடுக்க எல்லாரும் வரிசையில் நின்றபோது அருள்நாயகத்தைக் காணவில்லை. மேடைக்குப் பின்னால், அடுக்கிய கதிரைகளுக்கு நடுவில் குந்தியிருந்தான்.

"நான் குடுத்த வாக்கை நானே திண்டிட்டன் சூசை" என்றான்.

மூன்று கிழமை நெடுஞ்சாலையிலிருந்து எனக்கு ஒரு போனும் வரவில்லை. எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. நாலாம் கிழமை ஒரு பின்னேரம் எடுத்தான். கொலெற் வீட்டுக்குப் போயிருக்கிறான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது, அவர் கதிரையைக் காட்டி, பேசாமல் இருங்கள் என்றிருக்கிறார். பிறகு குசினிக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்று, தொப்பி வைத்து, கூடை தூக்கி, அந்த ஒரு மணித்தியால நிகழ்ச்சியை அவன் ஒருத்தனுக்காக முழுதாக நடித்திருக்கிறார்.

"நீ அசையாமல் இருந்தியோ?"

"இருந்தன்."

"கதை எங்களுக்குத் தெரிஞ்சதுதானே. நீதானே சொன்னனீ."

"இல்லையடா. நான் சொன்னது வேற. இது வேற."

"என்ன வேற? சொல்லன்."

போனில் வாகனங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ என்றேன்.

"அவவின்ர நம்பர் தாறன்" என்றான் அருள்நாயகம். "எடுத்து, வரலாமோ எண்டு கேள். போய் இருந்து கேள்."