அத்தைக்கு அடித்த தாள்

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு பெரிய தாளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றது. 1986 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. நாள்கணக்கில் பெய்த மழை அன்று நண்பகலில்தான் விட்டிருந்தது. வெயிலுக்காக மேகத்தைப் பார்த்தபடி அச்சக வாசலில் காத்திருந்தோம்.

எதிரே இட்லிக் கடை வைத்திருந்த குஞ்சம்மாளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"என்னா தணிகாசலம், அப்பனும் மவளும் வேட்டி காயவெக்கிறீங்களா?"

"வேட்டி இல்ல குஞ்சம்மா, கடலு. ஈரம் காயமாட்டேங்குது" என்றார் அப்பா.

அச்சடித்த தாளை வெயிலில் பார்க்காமல் அப்பா வேலையைத் தொடர மாட்டார். இயந்திரத்துக்கு மேலே டியூப்லைட்தான். அந்த வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாகிவிடும். நான் சென்னையில் அச்சுத் தொழில்நுட்பம் படித்து அங்கேயே வேலையில் இருந்தேன். நான் வேலை பார்த்த அச்சகத்தில் நிறம் பார்க்கத் தனி விளக்கு உண்டு. புதுச்சேரிக்கு வந்தால் தாளின் மறுமுனை என் கைக்கு வந்துவிடும்.

அன்று பிடித்திருந்த தாள் எந்த வாடிக்கையாளருக்கும் உரியதல்ல. பிரான்சில், துலோனில் இருந்த தனக்கொடி அத்தைக்காக அப்பா அடித்தது.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அவர்களுடைய அப்பா முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி. மில் பஞ்சுத் தூசு ஒத்துக்கொள்ளாமல் என் அப்பா அச்சகத்துக்குப் போனார். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோதே அங்கே காலால் மிதித்து ஓட்டும் இயந்திரத்தில் விண்ணப்பத் தாள்கள் அடித்தவர். எழுபத்தெட்டில் சுவரொட்டி அளவுக்குத் தாள் போகும் ஆஃப்செட் இயந்திரம் வந்தபோது அதற்கும் அவர்தான்.

1963இல் அத்தையை ஒரு சொல்தாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கடற்பாலத்திலிருந்து படகில் ஏறி, தூரத்தில் நின்ற கப்பலுக்கு அத்தை போனார். கப்பல் மறையும்வரை அப்பா பாலத்தின் நுனியில் நின்றார். அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் தண்ணீரைப் பற்றிச் சொல்வார். சாம்பலும் பச்சையுமாக இருந்ததாம்.

அத்தை முதலில் வந்தது எழுபத்து நான்கில். மாமா ஓய்வு பெற்றதும் திரும்பிவந்து இங்கே வீடு கட்டப்போவதாகச் சொன்னார். அப்பா அன்றிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தார். எங்காவது மனை விற்கிறது என்றால் வாங்குவதாக இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எண்பத்திரண்டில் அத்தை மறுபடி வந்தபோது மாமா பட்டாளத்தை விட்டுத் துலோன் துறைமுகத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வீட்டைப் பற்றி அத்தை வாயைத் திறக்கவில்லை. ஒரு மாலை அப்பா, அத்தை, நான் மூவரும் கடற்கரைக்குப் போனோம்.

"என்னாண்ணா, கடலு ஏன் இப்டி அழுக்காக் கெடக்குது?" என்றார் அத்தை.

"எப்பவும் இப்டித்தான் இருக்கும்."

"போண்ணா. நான் போவறப்ப நீலமா இருந்துச்சி. துலோன்லகூட அப்டி ஒரு நீலம் கெடையாது."

"நான் பாலத்துல நின்னு பாத்தவன்."

"நான் படகுல இருந்து பாத்தவ. உன்னவிட கிட்டத்துல."

அத்தை சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "இங்க இல்லாத ஒரு கடல அவ நெனச்சிக்கினு இருக்கா. எப்ப வந்து பாத்தாலும் அவளுக்கு இது வேற ஊராத்தான் தெரியும். அப்பறம் எப்டி வருவா?"

"கடலு கலரப் பாத்தா ஊருக்கு வருவாங்க? புள்ளைங்க அங்க படிக்குதுங்க" என்றார் அம்மா.

அந்தக் கடலைச் சரியாக அச்சடித்து அனுப்பினால் தங்கை அடையாளம் கண்டுகொள்வாள், கண்டுகொண்டால் வருவாள் என்று அவருக்குள் எப்போது விழுந்ததென்று எனக்குத் தெரியாது. ஆனால் நாலு வருடம் கழித்து அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது.

புதிதாகக் கட்டிய ஒரு ஓட்டலுக்குச் சுவரொட்டி. மேலே வானம், கீழே எங்கள் கடல். சென்னையிலிருந்து வந்த மாதிரித் தாளில் கடல் துணிக்குப் போடும் நீலம்போல இருந்தது. அப்பா உதட்டைப் பிதுக்கினார். முதலாளி ராமலிங்கம் அதைப் பார்த்துவிட்டார்.

"மாதிரில இருக்கறபடி அடிப்பா. ஓட்டல்காரன் நீலம் கேக்கறான். அவன் கடலு, அவன் இஷ்டம்."

"அடிக்கிறேன் மொதலாளி. முடிஞ்சப்பறம் எனக்குன்னு கொஞ்சம் தாளு ஓட்டிக்கிறேன்."

"உனக்கு எதுக்கு ஓட்டலு?"

"ஓட்டலு வேணாம். கடலு மட்டும்."

ராமலிங்கம் சிரித்துக்கொண்டே சரி என்றார். அப்பா முழு வேலையையும் மாதிரிப்படியே, அதே நீலத்தில் முடித்துக்கொடுத்தார். நான்கு நிறங்களையும் ஒவ்வொன்றாகத்தான் அடிப்பார்கள்; நீலம் தவிர மற்ற மூன்றும் விழுந்த தாள்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. அவற்றில் நீலம் மட்டும் விழ வேண்டும்.

நீல மையை மாற்றினால் கடலோடு வானமும் மாறிவிடும். அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். படம் உயரவாக்கில் இருந்ததால் தாள் இயந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு போகும்; வானம் ஒரு பக்கம், கடல் மறுபக்கம். மைத்தொட்டியின் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டை வைத்தார். வானத்தின் பக்கம் பழைய நீலம், கடலின் பக்கம் தானே கலந்த மை. உருளைகள் ஓடும்போது தடுப்பின் இரு ஓரத்து மையும் கொஞ்சம் கலந்துவிடும். அதனால் தொடுவானம் கோடாக விழாமல் பனி மூடியதுபோல விழுந்தது. டியூப்லைட்டில் பார்த்தபோது எனக்கும் சந்தேகம் வரவில்லை. அது எங்கள் கடல்.

அந்தத் தாளோடுதான் தெருவில் நின்றோம். மேகம் விலகி வெயில் தாள்மேல் விழுந்தது. கடல் ஊதாவாக மாறியது.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. நீலத்தின் பளபளப்பை அடக்க அவர் கொஞ்சம் சிவப்புச் சேர்த்திருந்தார். டியூப்லைட்டில் அந்தச் சிவப்பு தெரியவில்லை. மழையில் வெயிலே இல்லாததால் மை கலந்தபோது வெளியே கொண்டுவந்து பார்க்கவும் முடியவில்லை.

"நாவப்பழம் கழுவுன தண்ணி மாரி இருக்குது" என்றார் அப்பா. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

"சிவப்ப எடுத்துட்டு கறுப்பும் மஞ்சளும் போட்டுப் பாருப்பா."

"போடலாம். ஆனா நெனப்ப வெச்சிக் கலக்கறதே தப்பு. அவ நெனப்புக்கும் என் நெனப்புக்கும் என்னா வித்தியாசம்? நாளைக்கிக் காலைல மையக் கடலுக்கே எடுத்துக்கினு போயிப் பாத்துடறேன். திங்கக்கெழமை ஓட்டிடலாம்."

"நானும் வரேன்."

"நீ தூங்கு. மெட்ராசுலதான் தூங்கறதே இல்லியே."

ஞாயிறு விடியும்போது, கடற்கரைக்குக் கிளம்பும் முன்பே, அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதிக்கு அத்தை வந்தார். அண்ணன் தனக்காக ஏதோ அடித்ததாக ராமலிங்கம் சொல்லக் கேட்டு, காட்டச் சொன்னார். நான் சுருளைப் பிரித்தேன். மேலே ஊதாக் கடல்.

"இது என்னா, சாயந்தரமா?"

"தப்பா விழுந்தது அத்த. இத அப்பா உங்களுக்கு அனுப்பியிருக்க மாட்டாரு."

அதன் அடியில் ஓட்டல் சுவரொட்டி இருந்தது. அத்தை அதன்மேல் கையை வைத்தார்.

"இதான். நான் போவறப்ப இப்டித்தான் இருந்துச்சி. சொன்னேன் இல்ல? அண்ணனும் பாத்துருக்காரு, என்கிட்ட ஒத்துக்கத்தான் மனசில்ல." பிறகு அழுதார்.

அந்தத் தாளைத்தான் கேட்டார். சுருட்டிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "வந்துடறேன்னு சொல்லிக்கினு இருந்தியே, தனக்கொடி?"

"யாருக்காவ வரது அண்ணி, இனிமே?"

அத்தை போன பிறகு ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் இருந்தன. சனிக்கிழமை பிற்பகல் நான் வீட்டுக்கு வந்த பிறகு அவர் புதிதாகக் கலந்து விரலால் தடவியிருந்த மை. ஒவ்வொன்றிலும் பச்சையும் சாம்பலும் கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருந்தன. ஞாயிறு காலை அவர் இருந்திருந்தால் கடற்கரையில் நின்று ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு நேரே பிடித்துப் பார்த்திருப்பார். பொருந்துகிற துண்டு மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்க அதன் மூலையைக் கிழித்துவிடுவது அவர் வழக்கம்.

வாசல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். எதிலும் மூலை கிழிந்திருக்கவில்லை.