சுடாத கம்பி

அந்த நாலடி இரும்புக் கம்பி இப்போதும் வத்திராயிருப்புத் தோப்பில், மோட்டார் அறைச் சுவரில்தான் சாத்தியிருக்கிறது. எங்கள் சாணக் குவியலுக்கு அதுதான் தெர்மாமீட்டர். குவியலின் நடுவே செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, கையால் பிடித்துப் பார்ப்போம். கை பொறுத்தால் சரி. பொறுக்காவிட்டால் கிளறி ஆறவைக்க வேண்டும். சாணிதானே என்று நினைப்பவர்களுக்குத் தெரியாது, மக்கும்போது உள்ளே அடுப்பாகக் கொதிக்கும்.

தோப்பு என் அக்கா வீட்டுக்காரருடையது. மச்சான் பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனிக்கட்டையாக இருக்கும் நான் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிவிடுவேன். உரம் கிளறப் போவதாகப் பேர், போவதென்னவோ அவர் பேச்சுக்காகத்தான். குவியலை நெருங்கியதுமே, "ஏலே மாப்ளே, செருப்பக் கழத்து. சாணி லெச்சுமில்லா!" என்பார். உரம் தயாரிக்கும் பயிற்சி முகாமில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் ஆணியில் சும்மா தொங்கியது. அதைக் காட்டினால், "பதினேழு வருசம் பூட்ஸுக்குள்ள வெந்த காலுலே இது. செத்த நேரம் காத்து வாங்கட்டும்" என்று வெறுங்காலோடு ஏறிவிடுவார். நான் ஓரத்தில் நின்று தண்ணீர் தெளிப்பேன்.

அன்று கம்பியை உருவிப் பிடித்தவன் "ஆத்தாடி!" என்று கீழே போட்டுவிட்டேன். மச்சான் அதை எடுத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். "இதுக்கா இம்புட்டுக் கத்து கத்துனே? சூடே இல்லியே."

"பட்டாளத்துக் கையி மச்சான். தோலா, தகரமா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். கையிலேயே உணர்ச்சி செத்துவிட்டதென்றால் காலில் என்ன மிச்சம் இருக்கும்? மடையன் எனக்கு அது உறைக்கவில்லை. வெட்டித் திறந்த குவியலுக்குள் கணுக்கால் புதைய நின்று அரைமணி நேரம் கிளறினார்.

கால் வெந்து கொப்புளம் உடைந்திருந்ததை மூன்றாம் நாள் அக்காதான் பார்த்திருக்கிறாள். அதற்குள் சாணி அழுக்கு புண்ணில் இறங்கிச் சீழ் பிடித்துவிட்டது. மதுரையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கம்பிக் கதையை மச்சானே அவளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார் போல. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும், "பக்கத்துல நின்னு சிரிச்சிருக்கியேலே" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அக்கா மகள் இருவரையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மச்சான் கொஞ்ச நாள் போன் செய்தார். "கெளறுனியாலே?" என்பார். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. நான் அடித்தால் எடுப்பாரில்லை.

தோப்பை இப்போது நான்தான் பார்க்கிறேன். பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன். லெச்சுமி கோவித்துக்கொண்டால் கோவித்துக்கொள்ளட்டும். போன ஞாயிறு கம்பியை உருவிப் பிடித்தேன். "சுடுது மச்சான்" என்று சத்தமாகவே சொன்னேன். தோப்பில் யாருமில்லை. கை பொறுத்த மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.