குக்குறுவானின் இடச் சிறகு

2024 ஆகஸ்ட் 6, காலை பதினொன்று இருபது. கல்லூரி நூலகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். தாள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. இடக்கை விரல்களுக்குத் தெரியவில்லை.

மூன்று வாரங்களில் நோயின் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே தன் நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய்). ஐந்து நாட்கள் ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஏற்றினார்கள். இனி பரவாமல் தடுக்க மருந்து உண்டு. போன உணர்ச்சி ஆறு மாதத்திற்குள் திரும்பாவிட்டால் பெரும்பாலும் திரும்பாது என்றார் டாக்டர். அந்த ஆறு மாதத்தில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கைக்குப் பயிற்சியாக எதையாவது பின்னச் சொன்னார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு எதிரே அத்திமரத்தில் செம்பு தட்டுவதுபோல் ஓயாமல் கூவும் செம்மார்புக் குக்குறுவான் பறவையைத் தேர்ந்தேன். பச்சை முதுகு, மஞ்சள் தொண்டை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. சிவாஜிநகரில் உல்லன் நூல் வாங்கி வந்தவர் மம்மி. எங்கள் தேவாலயப் பங்கில் ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளுக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னித் தருபவர் அவர்தான். அவர் கொடுத்த எதிலும் ஓர் ஓட்டை இருந்ததில்லை.

என் பின்னலில் ஓட்டைகளே மிகுதி. இடக்கை ஊசியிலிருந்து கண்ணி (நூல் வளையம்) நழுவி ஓட்டை விழுந்தால் எனக்குத் தெரியாது. மதியம் களைத்துப் படுக்கும்வரை பின்னுவேன். மறுநாள் காலை எடுத்துப் பார்த்து, ஓட்டைகளை நோட்டில் குறிப்பேன். நவம்பரில் அவை குறைந்தன. டிசம்பரில் இல்லை. கை திரும்பி வருகிறது என்று நம்பினேன். பூசையில் நன்றி சொன்னேன்.

பிப்ரவரியில், பறவையின் உடலையும் வலச் சிறகையும் மம்மியோடு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் மகிழ்ந்தார். பிறகு என்னைக் கண்களை மூடச் சொன்னார்.

"இடக்கையில என்னம்மா இருக்கு?"

"இன்னும் ஒண்ணும் வைக்கலியே டாக்டர்."

கண்ணைத் திறந்தேன். உள்ளங்கையில் அவருடைய கார் சாவி இருந்தது.

அவர் பறவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ இத யாரு பின்னினது?"

மம்மி தன் கைப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "ஓட்ட விழுந்த எடத்த மட்டும்தான் பிரிச்சுப் பின்னுனேன் டாக்டர். இவ மத்தியானம் படுத்திருப்பா. காலையில அந்த நோட்ட எடுத்து வச்சிட்டு ஓட்டைய எண்ணுறத என்னால பாக்க முடியல."

மருந்தைத் தொடரச் சொன்னார் டாக்டர். கை திரும்புமா என்று கேட்டேன். "பழகிக்கணும்மா" என்றார்.

வீட்டில் ஜன்னலோரம் பறவையை விரித்துப் பார்த்தேன். மம்மியின் பிடி இறுக்கமானது, என்னுடையது தளர்ந்தது. சில பின்னல் வரிகளுக்கு ஒருமுறை அந்த இறுக்கம் வெளிப்படையாகவே இருந்தது. வரிகளை வாசிப்பதையே படிப்பாகக் கொண்ட நான் அதை ஒரு நாளும் வாசிக்கவில்லை. வாசிக்க விரும்பவில்லை என்பதே சரி.

"கோவமா?" என்றார் மம்மி.

"இல்ல. இனிமே தொடாத மம்மி."

இடக்கை இப்போது நான் கண்ணால் மட்டும் அறியும் ஒரு பொருள். பார்வையை எடுத்தால் அது இல்லை. ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இடச் சிறகைத் தொடங்கினேன். மம்மி எதிரே, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது வரியில் ஒரு கண்ணி விழுந்தது. அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். அதை அப்படியே விட்டு ஆறாவது வரியைத் தொடங்கினேன்.