எல்லாம் படித்த ஆள்

தேய்ந்த ரப்பர் உருளை ஒன்றை பட்டறை முதலாளி ஒருவர் என் மேசைமேல் வைத்தபோது கோப்புகளிலெல்லாம் உமி ஒட்டிக்கொண்டது. அரிசி ஆலையில் நெல்லின் உமியை உரிக்கிற உருளை அது. அவருக்கு வீடு சின்ன காஞ்சிபுரத்தில், உருளை செய்கிற பட்டறை வாலாஜாபாத்தில். மற்றவர்களின் உருளைகள் சீக்கிரம் தேயும், அரிசியில் கறை படியும். இவருடையது வெளுப்பாகவும் இருந்தது, நெடுநாள் உழைக்கவும் செய்தது. காப்புரிமை முகவரான நான்தான் விண்ணப்பம் போட்டேன். அதன்பிறகு பெரிய கம்பெனி ஒன்று அதையே அச்சு அசலாகச் செய்து விற்க ஆரம்பித்தது. காப்புரிமை கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. இவர் சேர்த்த சிலிக்கா பழைய கண்டுபிடிப்பு ஒன்றில் இருக்கிறது, பிசின் இன்னொன்றில் இருக்கிறது, துறை அறிந்த எவருக்கும் இரண்டையும் ரப்பரில் சேர்க்கத் தோன்றியிருக்கும் என்றார்கள். ‘துறை அறிந்தவர்’ என்பவர் சட்டம் கற்பனை செய்துகொண்ட ஆள். வெளியான அத்தனையையும் படித்திருப்பார்; சொந்தமாக ஒன்றும் கண்டுபிடிக்கமாட்டார். முதலாளியோ அவரை நிஜ ஆள் என்றே எடுத்துக்கொண்டார்.

“யாரும்மா அந்த ஆளு? வாலாஜாபாத்துக்கு வரச் சொல்லு. நம்ம மிஷின்ல ரப்பர் அரைச்சுக் காட்டட்டும்.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் அந்த ரெண்டையும் படிச்சதே இல்லம்மா. கையச் சுட்டுக்கினு கண்டுபிடிச்சது.”

அந்தக் கோபம்தான் என்னை மறுபடி படிக்க வைத்தது. பிசினைப் பற்றிய ஆவணத்திலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது: சிலிக்காவோடு சேர்த்தால் சூடேறி வெடிப்பு விடும், சேர்க்க வேண்டாம். எல்லாம் படித்தவர் இதையும் படித்திருப்பார் அல்லவா? படித்திருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கமாட்டார். தனித்தனியே இரண்டும் பழசு என்பதால் சேர்க்கை பழசாகிவிடாது, சேர்க்கத் தூண்டியது எது என்று காட்டுங்கள் என்று விசாரணையில் வாதாடினேன்.

வெளியே வந்ததும் முதலாளி சொன்னார்: “நல்லவேள, நான் படிக்கலம்மா.”

உத்தரவு வரத் தாமதமானது. அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. காப்புரிமை கிடைத்தது, பட்டறை பிழைத்தது. உத்தரவை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போனேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் அவர் மனைவிக்குக் காது கேட்கவில்லை. கிட்டே போய் உட்கார்ந்து, முடிவை மட்டும் தமிழில் சொன்னேன்: துறை அறிந்த எவருக்கும் இந்தச் சேர்க்கை தோன்றியிருக்காது.

அந்த அம்மா தாளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“தோணுன மனுஷன் இல்லியேம்மா” என்றார்.