வித் ரிகார்ட் டு லயத்துச் சுவர்

அப்போது நான் கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டு, மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தேன். எதையும் எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது, விஷயத்தை முறையாக அறிமுகப்படுத்த வேண்டும் என்பார் எங்கள் மிஸ். "வித் ரிகார்ட் டு" என்று தொடங்கலாம். "ஐ வுட் லைக் டு டிரோ யுவர் அட்டென்ஷன் டு" என்றால் இன்னும் மரியாதை. துணி மடிக்கும்போதும் அவற்றை முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன்.

அந்த ஐப்பசி மழையில் மடுல்கெல்லயிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பின்சுவர் வெடித்திருந்தது.

"நேத்து வெடிப்புல நகந்தான் போச்சு. இன்னைக்கி வெரலே போகுது புள்ள."

அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன். மறுநாள் காலை தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் என்னை, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அவர் சிங்களத்தில் இரண்டு முறை சொல்லியும் துரை காதில் வாங்கவில்லையாம்.

"நீ இங்கிலீசுல எடுத்துவுடு. அதான் அவருக்கு ஒறைக்கும்."

வழியெல்லாம் வசனத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். துரையின் முன்னால் நின்று, "வித் ரிகார்ட் டு த வோல் ஒஃப் அவர் லைன்..." என்று தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, உட்காரக் கதிரையைக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அஸ் ஃபார் அஸ் த வோல் இஸ் கன்சர்ன்ட்..." என்று அவரும் தொடங்கினார். கொழும்புக்கு எழுதியாயிற்று, பொறியியலாளர் வர வேண்டும், மழை விடட்டும் என்றார். நான் "இன் திஸ் கொனெக்ஷன்" என்றேன். அவர் "ஹெவிங் செட் தட்" என்றார். வெளியே மழை வலுத்தது. என் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"என்னா சொல்றாரு?" என்று தலைவர் கேட்டார்.

"மழ விடட்டுமாம்."

"அதுவரைக்கும் சொவரு நிக்குமான்னு கேளு."

அதற்கு எந்த முன்னுரையும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. எழுந்துவிட்டேன்.

"சேர், மை மதர் ஸ்லீப்ஸ் தேர். கம் அண்ட் ஸீ. நவ்."

துரை குடையை எடுத்தார்.

வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தவர் உடனே லயத்தைக் காலி செய்யச் சொன்னார். இருட்டுவதற்குள் லயத்துச் சனங்கள் எல்லாரும் பாடசாலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் பின்பக்கம் முழுவதும் மண்ணோடு சரிந்தது. உள்ளே ஆள் இல்லை.

தற்காலிகம் என்று கொடுத்த தகரக் கொட்டகையில் அம்மா பல வருடம் இருந்தார். மழை நாளில் அங்கே போனால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்னால் இருந்த மேட்டு மண்ணையே பார்ப்பேன்.

"நனையாத புள்ள, உள்ள வா," என்று அம்மா சத்தம் போடுவார்.