மிஞ்சிய இரண்டு பூரி

எங்கள் வீட்டில் தினமும் காதில் விழும் சொல் 'மிஞ்சு'. முதல் நாள் மீன்குழம்பு மிஞ்சும். நான் எதிர்த்துப் பேசினால் அம்மா, "ஏலே, ரொம்ப மிஞ்சிப் போற" என்பாள். அதனால்தான், தினம் ஒரு ஆங்கில வினைச்சொல் கற்றுத்தருகிற செயலியில் ஒரு காலை 'எக்ஸீட்' என்று வந்து, பக்கத்திலேயே தமிழில் 'மிஞ்சு' என்று போட்டிருந்தபோது, தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. கீழே, 'இச்சொல்லை அன்றாட வாக்கியங்களில் பயன்படுத்துங்கள்' என்றிருந்தது. சொன்னதை அப்படியே செய்கிறவன் நான்.

அப்போது இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தேன். பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். முடித்தேன் என்றால், நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியது நான் ஒருவன்தான். சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லியிருந்தார்: "வடக்கத்தி ஆளுகட்ட கூச்சப்படாம இங்கிலீஷ் பேசிப் பழகு தம்பி. சரியா வந்துட்டா ரிசப்ஷன்ல ஒக்கார வைக்கிறேன்." அந்த நாற்காலிக்கு மேலே ஒரு ஃபேன் உண்டு. உச்சிப்புளிப் பக்கம் எங்கள் மீன்பிடிக் கரையில் அப்பா, அய்யா என்றுதான் கூப்பிடுவேன், அதற்குள் "பய ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஆகவே பழகினேன். "ஒன் டீ எக்ஸீட்ஸ், சார். யூ வாண்ட்?" என்பேன். அவர்கள் ஏதோ புரிந்துகொண்டு வாங்கிக் குடிப்பார்கள், அல்லது கையசைப்பார்கள். யாரும் திருத்தவில்லை. திருத்தாததெல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மேனேஜர், சாப்பாட்டை மிச்சம் வைத்து வீணாக்காதீர்கள் என்று மெஸ் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு போர்டு எழுதவேண்டும், வாசகம் நீ சொல் என்றார். நான் சொன்னேன்: 'ப்ளீஸ் டூ நாட் எக்ஸீட் ஃபுட்.' பெயின்டர் சிவப்பில் எழுதினார். நான் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அய்யாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் அந்தப் படத்தை மீன் ஏலக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டியதாக அம்மா சொன்னாள்.

அந்த வாரம்தான் வடக்கிலிருந்து ஒரு அம்மாள் மகனோடு வந்து தங்கினார். கனத்த உடம்பு. கோயில் தீர்த்தங்களில் எல்லாம் குளித்துவிட்டு வந்த தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மகன் போன் பேச வெளியே போயிருந்தான். தட்டில் நான்கு பூரி வைத்தேன். இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, கிழங்கு கொஞ்சம் வருமா என்று பார்க்கிறவர்போலக் கையை நிறுத்தி நிமிர்ந்தார். நான் அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். சுவரைக் காட்டி, மிகவும் பணிவாக, தெளிவாகச் சொன்னேன்: "மேடம், யூ எக்ஸீடட் டூ பூரி."

அவருக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியுமோ, போர்டை வாசித்தார். தட்டைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "சாரி, சாரி" என்று எழுந்து கை கழுவப் போனார். வாக்கியம் சரியாக வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

அம்மாளோடு மாடி அறைக்குப் போன மகன் கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தான். சத்தம் போடவில்லை. எனக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டான்: விடியலிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஈரச்சேலையோடு வரிசையில் நின்றாள். அவள் அளவுக்கு மேல் தின்றுவிட்டாள் என்று நீ எப்படிச் சொல்லலாம்? அவள் உடம்பைப் பார்த்தா சொன்னாய்?

மேனேஜர் ஓடிவந்தார். "சார், ஹி பி.ஏ. இங்கிலீஷ், சார். நோ மிஸ்டேக்" என்றார் என் தோளில் கைவைத்து. அந்தக் கையைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

"நான் சொன்னது தட்டில் இருந்ததை" என்று சொல்ல முயன்றேன். அப்போதுதான், மிச்சம் என்பதற்கு 'லெஃப்ட்' என்ற சொல் வாயில் வந்தது. அது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். சின்னச் சொல் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். "டூ பூரி லெஃப்ட், சார். ஐ மீன் லெஃப்ட்." அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு போர்டைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. திரும்பி மாடிக்குப் போய்விட்டான்.

"என்னமோ சொல்லிச் சமாளிச்சுட்டியே" என்றார் மேனேஜர். "எழுதுனதுல தப்பு இருக்குண்ணே" என்றேன். அவர் போர்டை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றார். அன்று மாலையே நான் வெள்ளைப் பெயின்ட் வாங்கி அதன்மேல் அடித்தேன்.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்பும் முன் இருவரும் சாப்பிட வந்தார்கள். மகன் விளக்கிச் சொல்லியிருக்கவேண்டும். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பூரி முடிந்ததும் நான் பூரித் தட்டோடு ஓடினேன். அவர் உள்ளங்கையால் தன் தட்டை மூடிக்கொண்டு, "நோ எக்ஸீட்" என்றார். மகன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவருக்குப் பசி அடங்கியதா, கேலிக்குத்தான் சொன்னாரா, நான் இருக்கும்போது இனிக் கேட்கக் கூசியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்பதற்கு என்னிடம் அவருடைய மொழியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

அந்த மாதமே நாற்காலி கிடைத்தது. கோபமாக வந்த பார்ட்டியை ஆங்கிலத்திலேயே பேசி அனுப்பியவன் என்று முதலாளியிடம் மேனேஜர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடித்த வெள்ளைச் சட்டையோடு அய்யா வந்தார். நான் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் வாசலில் நின்றே பார்த்தார். பிறகு மெஸ்ஸுக்குள் போய்ச் சுவர் சுவராகத் தேடிவிட்டு வந்தார்.

"போர்டு எங்கலே?"

"அழிச்சாச்சுய்யா."

"ஏன், நல்லாத்தான இருந்துச்சு."

"நான் எழுதுனது தப்புய்யா. அர்த்தமே வேற."

அய்யா சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் மேஜை மேல் குனிந்து, "மெதுவாச் சொல்லு" என்றார்.